தோட்டத்துக்கு வழி சொல்ல உதவும் பிளஸ் கோட்: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு மதிப்பீடு

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் திருமணம், திருவிழா, கருமக்கிரியை ஆகியவற்றுக்குச் சமைத்து அனுப்பும் தொழிலைச் செய்துவருகிறேன். உணவு எவ்வளவு நன்றாக அமைந்தாலும், லோரி உரிய நேரத்தில் உரிய இடத்துக்குப் போய்ச் சேராவிட்டால் அந்த உழைப்பெல்லாம் வீணாகிவிடும் என்பதால், வழி கேட்பதும் வழி சொல்வதும் எங்கள் தொழிலில் அடுப்பு மூட்டுவதற்குச் சமமான வேலையாகும். அந்த நிலையிலிருந்துதான் கூகிள் மேப்ஸில் உள்ள பிளஸ் கோட் என்னும் இலவச இடக்குறியீட்டுச் சேவையைப் பற்றி இங்கே எழுதுகிறேன். தோட்டப்புறத்தில் ஓர் இடத்தைப் பிழையின்றிக் குறிப்பிட இதைவிட எளிய கருவியை நான் பயன்படுத்தியதில்லை. ஆயினும் இதை மட்டும் கையில் கொடுத்து ஓர் ஓட்டுநரை அனுப்பிவிட முடியாது என்பதையும், இதனோடு எதை எப்படி எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்த மதிப்பீடு முழுமையாகும்.

ஈப்போவிலிருந்து செமோர், கந்தான் வழியாக முதலாம் எண் கூட்டரசுச் சாலையில் வருகிறவருக்குச் சுங்கை சிப்புட் நகரைக் கண்டுபிடிப்பது கடினமே அன்று. நகருக்குள் ஜாலான், லோரோங், தாமான் என்று எல்லாவற்றுக்கும் பெயரும் எண்ணும் உண்டு. சிக்கல் நகரைத் தாண்டிய பிறகுதான் தொடங்குகிறது. தோட்டத்து முகவரி என்பது பெரும்பாலும் வீட்டு எண், லயம், டிவிசன், தோட்டத்தின் பெயர், அதன்பின் 31100 என்ற அஞ்சல் குறியீடு என்பதோடு முடிந்துவிடுகிறது. அந்த அஞ்சல் குறியீடு நகரையும் அதைச் சுற்றியுள்ள பரந்த தோட்டப் பகுதியையும் சேர்த்தே குறிப்பதால், வழி தேடுகிறவருக்கு அதனால் பெரிய பயன் இல்லை. கடிதத்தைத் தோட்ட அலுவலகத்தில் கொடுத்துவிட்டால் எந்த வீடு என்பதை அங்குள்ள கிராணி பார்த்துக்கொள்வார் என்ற ஏற்பாட்டுக்காக உருவான முகவரி அது. வெளியூரிலிருந்து இருட்டும் நேரத்தில் வந்து சேரும் ஓட்டுநருக்காக அதை யாரும் எழுதவில்லை.

செம்பனைக் காட்டின் தோற்றமும் இதற்கு ஒரு காரணம். சம இடைவெளியில், ஒரே வயதில், ஒரே உயரத்தில் நடப்பட்ட மரங்களுக்கு நடுவே செல்லும் மண் சடக்குகள் ஒவ்வொரு சந்திப்பிலும் ஒன்றுபோலவே காட்சியளிக்கும். முதல் சந்திப்பில் நின்று பார்த்தாலும் ஐந்தாம் சந்திப்பில் நின்று பார்த்தாலும் நான்கு புறமும் அதே மரங்கள், அதே சிவப்பு மண், அதே ஓலைக் குவியல்கள்தாம் தெரியும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் சின்னஞ்சிறு மேடுபள்ளத்தைக்கூட அடையாளம் கண்டு திரும்பிவிடுவார். மற்றவர்களால் அது இயலாது, இயலும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

பெயர்களும் உதவுவதற்குப் பதிலாகச் சில வேளைகளில் குழப்பவே செய்கின்றன. பேராக்கிலேயே கோப்பெங் வட்டாரத்தில் சுங்கை சிப்புட் செலாத்தான் என்று இன்னோர் ஊர் இருப்பதால்தான் நம்முடைய ஊரை எழுதும்போது வடக்கைக் குறிக்கும் எழுத்தை அடைப்புக்குறிக்குள் சேர்த்து எழுதும் வழக்கம் வந்தது. ஆங்கிலேய முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போன காலத்தில் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அந்தத் துண்டாடலால் வீடும் வேலையும் இழந்து நின்ற தொழிலாளர்களைக் காக்கும் பொருட்டே, இத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். கைமாறிய தோட்டங்களில் நுழைவாயிற் பலகையில் இப்போது புதிய நிறுவனத்தின் பெயர் இருக்கும், ஆனால் நம் மக்களின் நாவில் பாட்டனார் காலத்துப் பெயரே இருக்கும். போதாக்குறைக்கு, தோட்டத்தில் ஆள் குறைந்துபோனதால் நகரப்புறத்துக்கு இடம் மாறிய தமிழ்ப்பள்ளிகள் நாட்டின் பல பகுதிகளில் தங்கள் பழைய தோட்டப் பெயரை விடாமல் வைத்திருக்கின்றன. பள்ளியின் பெயரை நம்பித் தோட்டத்துக்குள் வண்டியை விட்டவர் அங்கே பள்ளியைக் காணமாட்டார். எல்பில் தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1948 ஜூன் 16ஆம் தேதி அங்கே நடந்த கொலை, மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்படுவதற்குக் காரணமான நிகழ்ச்சிகளில் ஒன்று என்பதால், அதன் பெயரை வரலாறு படித்த எவரும் அறிவார். அந்தத் தோட்டத்திலுள்ள குறிப்பிட்ட ஒரு வீட்டுக்குப் போக வேண்டியவருக்கு அந்தப் புகழால் பயன் ஒன்றுமில்லை.

இந்தக் குறைகளில் பெரும்பாலானவற்றைப் பிளஸ் கோட் நேரடியாகத் தீர்க்கிறது. கூகிள் நிறுவனம் 2014இல் வெளியிட்டு, அடுத்த ஆண்டு தன் மேப்ஸ் செயலியிலும் சேர்த்துக்கொண்ட இந்த முறை, தெருப்பெயரும் வீட்டு எண்ணும் இல்லாத இடங்களுக்கு முகவரி கொடுப்பதற்காகவே உருவாக்கப்பட்டது. இதற்குப் பதிவு இல்லை, கட்டணம் இல்லை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதும் இல்லை. நிலநேர்க்கோடு, நிலநிரைக்கோடு ஆகியவற்றின் எண்களைக் கொண்டு ஒரு கணக்குப் போட்டால் கிடைக்கும் குறியீடு இது. அந்தக் கணக்கின் செய்முறை வெளிப்படையாகக் கொடுக்கப்பட்டிருப்பதால், எந்தச் செயலியும் எந்தத் தரவுத்தளத்தையும் நாடாமல் இதைக் கணித்துக்கொள்ள முடியும்.

அது இயங்கும் விதத்தைத் தெரிந்துகொண்டால் அதன்மேல் நம்பிக்கை வரும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். முழுக் குறியீட்டில் பத்து எழுத்துருக்கள், அதாவது எண்களும் ஆங்கில எழுத்துகளும், இருக்கும். எட்டாவதற்குப் பிறகு ஒரு கூட்டல் குறி வரும், சேவையின் பெயரே அந்தக் குறியிலிருந்து வந்ததுதான். முதல் நான்கு எழுத்துருக்கள் ஒரு பாகைக்கு ஒரு பாகை, அதாவது ஏறத்தாழ 111 கிலோமீட்டர் பக்கமுள்ள ஒரு கட்டத்தைக் குறிக்கின்றன. சுங்கை சிப்புட்டுக்கு அவை ஆறு, பி, பி, மூன்று. கோலாலம்பூருக்கு ஆறு, பி, எம், மூன்று. அடுத்த இரண்டும் சேர்ந்தால் கட்டத்தின் பக்கம் 5.5 கிலோமீட்டராகவும், அதற்கடுத்த இரண்டும் சேர்ந்தால் சுமார் 275 மீட்டராகவும், கூட்டல் குறிக்குப் பின்வரும் இரண்டும் சேர்ந்தால் சுமார் 14 மீட்டராகவும் சுருங்கிவிடும். துருவங்களை நோக்கிப் போகப்போக இந்தக் கட்டத்தின் அகலம் குறையும். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் நமக்கு அது நான்கு பக்கமும் ஏறத்தாழ 14 மீட்டராகவே இருக்கிறது. ஒரு கோயிலின் முன்மண்டபத்தையோ, லயத்தின் ஒரு முனையையோ, தோட்ட நுழைவாயிலையோ குறிப்பிட அந்த அளவு தாராளமாகப் போதும். பதினோராவது எழுத்துருவைச் சேர்த்தால் கட்டம் இன்னும் சிறியதாகும். ஆனால் திறந்த வெளியிலேயே கைப்பேசியின் ஜிபிஎஸ் கணிப்பு சில மீட்டர் முன்பின்னாக இருக்கும்போதும், செம்பனை மரங்களின் அடியில் அது மேலும் தடுமாறும்போதும், அந்தப் பதினோராவது எழுத்துருவால் நமக்கு ஆகப்போவது எதுவுமில்லை.

ஊர்ப்பெயரைச் சேர்த்து எழுதினால் முதல் நான்கு எழுத்துருக்களை விட்டுவிடலாம். எஞ்சிய ஆறோடு சுங்கை சிப்புட், பேராக் என்று தட்டினால் செயலி அந்த இடத்தைக் காட்டிவிடும். உள்ளூர்க்காரர்களுக்குள் பேசிக்கொள்ள இந்தச் சுருக்கம் போதும். அச்சிடும்போது மட்டும் பத்தையும் முழுமையாகப் போட்டுவிடுங்கள் என்பது என் கருத்து. அப்போது எந்தச் சுங்கை சிப்புட் என்ற கேள்வியே எழாது.

இந்தக் குறியீட்டை உருவாக்கியவர்கள் எழுத்துகளைத் தெரிவுசெய்த விதம் என்னை மிகவும் கவர்ந்தது. இரண்டு முதல் ஒன்பது வரையிலான எண்களும், பன்னிரண்டு ஆங்கில எழுத்துகளும் மட்டுமே இதில் வருகின்றன. சுழியமும் அதைப் போலவே தோன்றும் எழுத்தும் இல்லை, ஒன்றும் அதைப் போலவே தோன்றும் எழுத்துகளும் இல்லை. தற்செயலாக ஏதேனும் சொல் உருவாகிவிடக் கூடாது என்பதற்காக உயிரெழுத்துகளையும் நீக்கியிருக்கிறார்கள். கையால் எழுதிக் கொடுத்தாலும் பிறர் எளிதில் பிழையாகப் படித்துவிட மாட்டார்கள். தொலைபேசியில் வாய்விட்டுச் சொல்லும்போது சி, ஜி, பி, வி ஆகிய நான்கு மட்டும் காதில் ஒன்றுபோல விழக்கூடும். எங்கள் கடையில் செமோருக்கு வரும் சி, கோப்பெங்குக்கு வரும் ஜி, பினாங்குக்கு வரும் பி, வேனுக்கு வரும் வி என்று சொல்லிப் பழகிக்கொண்டோம். பத்து காஜாவின் முதலெழுத்து இந்தக் குறியீட்டில் வரவே வராது என்பதால், பி என்று கேட்டால் அது பினாங்கின் பி என்றே எழுதிக்கொள்ளலாம். எண்ணிலும் எழுத்திலும் அவ்வளவாகப் பழக்கமில்லாத முதியவர்கள்கூட இப்படி ஊர்ப்பெயர்களாகக் கேட்டால் தடங்கலின்றித் திருப்பிச் சொல்லிவிடுகிறார்கள்.

குறியீட்டைப் பெறுவதும் எளிது. கூகிள் மேப்ஸில் துணைக்கோள் படத்தைத் திறந்து, வேண்டிய இடத்தின்மேல் விரலைச் சற்று அழுத்திப் பிடித்தால் அங்கே ஒரு சிவப்பு முள் விழும். கீழே வரும் விவரப் பகுதியை மேலே தள்ளினால் குறியீடு தெரியும், அதைத் தொட்டால் நகலெடுத்துக்கொள்ளலாம். அந்த இடத்திலேயே நிற்கிறவராக இருந்தால் தம்மைக் காட்டும் நீலப் புள்ளியின்மேல் அழுத்திப் பிடித்தாலே போதும். பதின்ம வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது ஒரு நிமிட வேலை.

புலனத்தில் (வாட்ஸ்அப்) இருப்பிடத்தை அனுப்பினால் போதாதா, இது எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். கைப்பேசியிலிருந்து கைப்பேசிக்கு அனுப்புவதற்கு அதுவும் நல்ல வழிதான், நானும் அதைப் பயன்படுத்துகிறேன். ஆனால் அதை அழைப்பிதழில் அச்சிட முடியாது, பலகையில் எழுதி வைக்க முடியாது, பழைய பொத்தான் கைப்பேசி வைத்திருக்கும் பெரியவரிடம் வாய்மொழியாகச் சொல்லவும் முடியாது. நேரலை இருப்பிடம் என்றால் அதிகபட்சம் எட்டு மணி நேரத்தில் அது நின்றுவிடும். பிளஸ் கோட் காகிதத்திலும் பேச்சிலும் நிலைத்து நிற்பதுதான் இந்த வகையில் அதற்குள்ள தனிச்சிறப்பு. உலகத்தை 3 மீட்டர் பக்கமுள்ள சதுரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் மூன்று சொற்களைக் கொடுக்கும் வாட்த்ரீவேர்ட்ஸ் என்ற லண்டன் நிறுவனத்தின் சேவையும் இருக்கிறது. சொற்களை நினைவில் வைத்துக்கொள்வது எளிது என்பதை மறுப்பதற்கில்லை. இருந்தாலும் அடுத்தடுத்த சதுரங்களுக்குத் தொடர்பற்ற சொற்கள் கொடுக்கப்படுவதால், இரண்டு இடங்கள் அருகருகே உள்ளனவா என்பதைச் சொற்களைப் பார்த்துச் சொல்ல முடியாது. பிளஸ் கோட்டில் முதல் ஆறு எழுத்துருக்கள் ஒன்றாக இருந்தால் இரண்டு வீடுகளும் ஒரே 5.5 கிலோமீட்டர் கட்டத்துக்குள் இருக்கின்றன என்று தாளைப் பார்த்தே அறிந்துகொள்ளலாம். ஒரே மாலையில் பல வீடுகளுக்கு உணவு கொண்டுபோக வேண்டியிருக்கும்போது, எந்த வீட்டை எதனோடு சேர்த்து ஒரே லோரியில் அனுப்பலாம் என்பதை நாங்கள் இப்படித்தான் முடிவுசெய்கிறோம்.

இனி இந்தச் சேவையின் எல்லைக்கு வருகிறேன். தோட்டப்புறத்து வாசகர்கள் இந்தப் பகுதியைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். பிளஸ் கோட் ஓர் இடத்தைச் சொல்கிறதே தவிர, அந்த இடத்துக்குப் போகும் சடக்கைச் சொல்வதில்லை. குறியீட்டைக் கொடுத்ததும் வழியைக் கணிப்பது வழிகாட்டிச் செயலியின் வேலை. அத்தகைய செயலிகள் பொதுவாக, நாம் குறித்த புள்ளிக்கு மிக அருகில் தங்கள் வரைபடத்தில் எந்தச் சாலை இருக்கிறதோ அந்தச் சாலைக்கு நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்படி அமைக்கப்பட்டவை. தோட்டத்தின் உட்சடக்குகள் பல வரைபடத்தில் ஏறியிருப்பதில்லை. ஏறியிருந்தாலும் அவற்றில் எது லோரி போகத்தக்கது, எது மழைக்காலத்தில் சேறாகிவிடும், எதன் முனையில் பூட்டிய கதவு இருக்கிறது என்ற விவரம் வரைபடத்துக்குத் தெரியாது.

ஒரு முறை, திருவிழா அன்னதானத்துக்கு எங்கள் லோரியை ஒரு வழிகாட்டிச் செயலி கோயிலின் பின்புறச் சடக்குக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. வரைபடத்தில் பார்த்தால் கோயிலுக்கும் லோரிக்கும் இடையே விரல் அகலமே இருந்தது. நேரில் அந்த இடைவெளியில் ஓர் ஆழமான கால்வாய் ஓடியது, அதன்மேல் ஆள் நடந்து போவதற்கான இரண்டு செம்பனைத் தண்டுகள் மட்டுமே கிடந்தன. நாதஸ்வர ஓசை காதில் விழுகிறது, கோபுர விளக்கு கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் சாம்பார் அண்டாவை அந்தத் தண்டுகளின்மேல் தூக்கிக்கொண்டு போக முடியாது. “அண்ணே, கோயிலைப் பாத்துக்கிட்டே நிக்கிறேன், ஆனா வர்றதுக்கு வழி இல்ல” என்று ஓட்டுநர் தொலைபேசியில் சொன்னார். வந்த வழியே திரும்பிப் பெரிய சடக்கை அடைந்து, மறுபக்கத்து நுழைவாயில் வழியாக அவர் போய்ச் சேர்ந்தபோது பந்தி தொடங்க வேண்டிய நேரம் கடந்துவிட்டிருந்தது. கொடுக்கப்பட்ட குறியீடு சரியானதே. அது கோயிலின் கருவறைமேல் குறிக்கப்பட்டிருந்ததால்தான், பின்புறச் சடக்கு முன்புறச் சடக்கைவிட அருகில் இருப்பதாகக் கணக்கில் வந்தது.

அதற்குத் தீர்வும் அந்தக் குறியீட்டிலேயே இருக்கிறது. கட்டடத்தின் கூரைமேல் குறிக்காமல், வண்டி எந்த இடத்தில் பெரிய சடக்கிலிருந்து திரும்ப வேண்டுமோ அந்த நுழைவாயிலின்மேல் குறித்து ஒரு குறியீட்டை எடுக்க வேண்டும், பிறகு வண்டி நிறுத்தும் இடத்தைக் குறித்து இரண்டாவதை எடுக்க வேண்டும். முதலாவது குறியீடு வரை செயலியை நம்பிப் போகலாம். அங்கிருந்து இரண்டாவது குறியீடு வரையிலான தூரத்துக்குத் தோட்டத்தை அறிந்த ஒருவர் எழுதித்தந்த வழிக்குறிப்பு வேண்டும். இந்த முறையை எங்கள் கடையில் வழக்கமாக்கிக்கொண்டோம், வாடிக்கையாளர்களிடமும் முன்பணம் வாங்கும்போதே இந்த மூன்றையும் கேட்டு வாங்கிவிடுகிறோம்.

அந்த வழிக்குறிப்பை எழுதும் முறையைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறையவே இருக்கிறது. நம் மக்கள் வழி சொல்லும்போது அன்பாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் கேட்பவருக்கும் தங்களைப்போலவே ஊர் தெரியும் என்று எண்ணிக்கொண்டு சொல்கிறார்கள். “பழைய ஆயக்கொட்டகை இருந்த இடத்துல திரும்புங்க தம்பி, கொஞ்ச தூரந்தான்” என்பார் பெரியவர். ஆயக்கொட்டகையை இடித்துப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும், கொஞ்ச தூரம் என்பது மூன்று கிலோமீட்டராக இருக்கும். மைல் கற்கள் போய்க் கிலோமீட்டர் கற்கள் வந்த பின்பும் ஆறாங்கட்டை, எட்டாங்கட்டை என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் மாறவில்லை. ஒரு கட்டை என்பது 1.6 கிலோமீட்டர் என்பதை அறியாத இளைய ஓட்டுநர், வண்டியின் மீட்டரில் எட்டு வந்ததும் நின்று தேடுவார், அவர் தேடும் இடமோ இன்னும் ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். பெரியவர்கள் கட்டைக் கணக்கில் சொல்வதை மாற்றச் சொல்லிக் கேட்பது முறையன்று, எழுதிக்கொள்கிறவர்தான் அதைக் கிலோமீட்டராக்கி எழுதிக்கொள்ள வேண்டும்.

நல்ல வழிக்குறிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு, எங்களுக்கு ஒரு வாடிக்கையாளர் அம்மா அனுப்பியதைப் பெயர்களையும் எண்களையும் மாற்றி இங்கே தருகிறேன். “லிந்தாங் சாலையில் நகரின் கடைசிப் பெட்ரோல் நிலையத்தைக் கடக்கும்போது மீட்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்பது கிலோமீட்டர் வந்ததும் இடப்புறம் ஒரு சீனர் மளிகைக் கடையும் அதையொட்டிப் பேருந்து நிறுத்தமும் வரும். அதற்கு அடுத்து இடப்புறம் வரும் தோட்டக் கதவில் நுழையுங்கள். கதவுப் பலகையில் லாடாங் என்று தொடங்கும் மலாய்ப் பெயர்தான் இருக்கும். இரும்புப் பாலத்துக்கு வந்துவிட்டீர்கள் என்றால் கதவைத் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள், அங்கே லோரியைத் திருப்ப இடம் இருக்கிறது. கதவு மாலை ஏழு மணிக்குப் பூட்டப்படும். ஜாகாவிடம் திருமண வீடு என்று சொல்லுங்கள், அவரிடம் சொல்லி வைத்திருக்கிறோம். கதவுக்குள் ஒன்றரைக் கிலோமீட்டர் நேராக வாருங்கள், வழியில் வரும் இரண்டு சந்திப்புகளிலும் திரும்ப வேண்டாம். வலப்புறம் நீலத் தண்ணீர்த் தொட்டி தெரிந்ததும் வலப்பக்கம் திரும்பினால் வாழை கட்டிய வீடு தெரியும். தொட்டிக்கு அப்பால் கைப்பேசிக்கு லைன் கிடைக்காது, ஏதேனும் கேட்க வேண்டுமென்றால் கதவருகிலேயே அழைத்துவிடுங்கள்.”

இந்தக் குறிப்பில் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு பயன் கருதி எழுதப்பட்டிருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்த ஓர் இடத்திலிருந்து அது தொடங்குகிறது. திரும்ப வேண்டிய இடத்துக்கு முன்பே கண்ணில் படக்கூடிய ஒன்றைச் சொல்கிறது, ஏனெனில் கதவைக் கண்ட பிறகு வேகத்தைக் குறைத்தால் பின்னால் வரும் வண்டிக்கு ஆபத்து. தாண்டிவிட்டால் எதைக் கொண்டு அறிவது என்பதையும் சொல்லிவிடுகிறது. பெரும்பாலான வழிக்குறிப்புகளில் இல்லாமற்போவது அந்த வரிதான், வழி தவறியவருக்கு முதலில் தேவைப்படுவதும் அந்த வரிதான். திரும்ப வேண்டாத சந்திப்புகளையும் எண்ணிச் சொன்னது மிகச் சிறப்பு, செம்பனைக் காட்டுக்குள் ஒவ்வொரு சந்திப்பும் ஓட்டுநரின் மனத்தில் ஐயத்தை எழுப்பும் என்பதை அந்த அம்மா அறிந்திருக்கிறார். பலகையில் உள்ளபடி பெயரைச் சொன்னதால், தமிழ் தெரியாத ஓட்டுநரிடம் அதை மலாயில் விளக்கிச் சொல்வதும் எங்களுக்கு எளிதாயிற்று. லோரி வருகிறது என்பதை நினைவில் வைத்துத் திருப்புமிடத்தையும் குறிப்பிட்டிருக்கிறார். செம்பனைக் குலைத் திருட்டைத் தடுக்கச் சில தோட்டங்களில் கதவின் குறுக்கே உயரத் தடுப்புக் கம்பியைப் பொருத்தியிருக்கிறார்கள், அப்படி ஒன்று இருந்தால் அதன் உயரத்தையும் மறவாமல் எழுத வேண்டும்.

குறிப்புக்குத் தெரிவுசெய்யும் அடையாளங்கள் நிலைத்து நிற்பவையாக இருக்க வேண்டும். கோயில், பாலம், தண்ணீர்த் தொட்டி, செம்பனை ஆலையின் புகைபோக்கி, மின்கம்பி செல்லும் உயர்ந்த கோபுரம் ஆகியவை நல்லவை. ஒட்டுக்கடையும் நிறுத்தி வைத்த டிராக்டரும் ஆகா. நடவு ஆண்டும் பரப்பளவும் எழுதிய நிரைப்பலகைகளைச் சிலர் அடையாளமாகச் சொல்கிறார்கள். பகலில் அவை பயன்படும், ஆனால் செம்பனையை ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு ஒரு முறை அழித்து மறுநடவு செய்யும்போது பலகையும் மாறிவிடும், சில சமயம் உட்சடக்கின் போக்கே மாறிவிடும். மறுநடவு முடிந்த தோட்டத்தில் ஐந்து ஆண்டுக்கு முந்தைய வழிக்குறிப்பை வைத்துக்கொண்டு போகக் கூடாது. குறியீட்டை மட்டும் மாற்ற வேண்டியதில்லை, கோயில் நகராதவரை அது அப்படியே இருக்கும்.

இணையத் தொடர்பு இல்லாத இடங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூகிள் மேப்ஸில் நமது வட்டாரத்தின் வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. கணக்குப் படத்தைத் தொட்டு, இணையமின்றிப் பயன்படுத்தும் வரைபடங்கள் என்ற பகுதிக்குப் போய், வேண்டிய பரப்பைச் சட்டத்துக்குள் கொண்டுவந்து பதிவிறக்கினால் போதும். நெரிசல் விவரம் அதில் வராது, ஆனால் தோட்டத்துக்குள் நெரிசலுக்கு வழியேது? வண்டிக்கான வழிகாட்டுதல் அதில் வேலை செய்யும். குறியீடு கணக்கினால் கிடைப்பதே என்பதால் அதைக் கண்டுபிடிக்கவும் இணையம் தேவைப்படாது. கடையிலிருந்து புறப்படும் ஒவ்வோர் ஓட்டுநரின் கைப்பேசியிலும் இந்தப் பதிவிறக்கம் இருக்கிறதா என்று நாங்கள் பார்த்துவிடுகிறோம். குறிப்பை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதியும் கொடுக்கிறோம், மின்கலம் தீர்ந்துபோனாலும் தாள் கையில் இருக்கும்.

வீட்டின் குறியீட்டை எல்லாரும் பார்க்கும் பொதுக்குழுக்களில் போடுவதை நான் ஆதரிக்கவில்லை. அது மண்டபத்துக்கும் கோயிலுக்கும் பள்ளிக்கும் பொருந்தும், குடும்பம் வசிக்கும் வீட்டுக்கு அழைக்கப்பட்டவர்களிடம் மட்டும் கொடுத்தால் போதும். ஆனால் அதே குறியீடும் வழிக்குறிப்பும் வீட்டுக்குள் எல்லார் கண்ணிலும் படும்படி ஒரு தாளில் இருக்கட்டும் என்று வாடிக்கையாளர்களிடம் வற்புறுத்திச் சொல்லிவருகிறேன். பாட்டி மயங்கி விழுந்த வேளையில் 999ஐ அழைத்துப் பேசுவது பெரும்பாலும் வீட்டில் இருக்கும் பிள்ளையாகவே இருக்கும். எந்தக் கதவு, அங்கிருந்து எவ்வளவு தூரம், எந்தத் தொட்டியில் திரும்புவது என்பதை அந்தப் பதற்றத்தில் யோசித்துச் சொல்வதைவிடச் சுவரில் உள்ளதைப் பார்த்து வாசிப்பது எத்தனையோ மேல்.

ஆலய நிர்வாகத்தினரும் அழைப்பிதழ் அச்சிடுகிறவர்களும் இந்தச் சேவையை இன்னும் போதிய அளவுக்குப் பயன்படுத்தவில்லை. அழைப்பிதழின் பின்பக்கத்தில் ஒரு கோட்டுப்படத்தைப் போட்டு, அதில் பெரிய சடக்கும் சிறிய சடக்கும் ஒரே நீளத்தில் வரைந்திருப்பார்கள். அந்தப் படத்துக்குக் கீழே நுழைவாயிலின் பத்து எழுத்துருக் குறியீடும், மேலே காட்டியதைப்போல் ஒரு வழிக்குறிப்பும் இடம்பெற்றால், பினாங்கிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் முதன்முறையாக வரும் உறவினர்கள் யாரையும் தொலைபேசியில் அழைத்துத் தொந்தரவு செய்யாமல் வந்து சேர்வார்கள். அச்சகத்துக்கு அனுப்புவதற்கு முன்பு, தோட்டத்தை ஒருபோதும் பார்த்திராத வெளியூர் உறவினர் ஒருவரிடம் அந்தக் குறியீட்டையும் குறிப்பையும் மட்டும் கொடுத்து, முடிந்தால் மாலை நேரத்தில், வண்டியோட்டி வரச் சொல்லுங்கள். அவர் எந்த இடத்தில் வண்டியை நிறுத்தி யோசித்தாரோ அந்த இடத்துக்குரிய வரியைத் திருத்திய பிறகு அச்சுக்குக் கொடுங்கள்.